றபான் அடிக்காத ஒழுங்கை

2017 மே 21, கரைத்தீவு
மூன்று நாளாக ஒரு பழைய விஞ்ஞானச் சஞ்சிகையோடு மல்லுக்கட்டி இன்று முடித்தேன். உடம்புக்குள்ளும் ஒரு மணிக்கூடு ஓடுகிறதாம். அதை ஓட்டும் மரபணுக்களில் சில வகைகள் மனநோய் வரும் வாய்ப்பைக் கூட்டலாமாம். கூட்டலாம் — அவ்வளவுதான். வந்தே தீரும் என்று ஒருவனும் எழுதவில்லை.

என் மகள் மர்ளியாவுக்கு இரண்டு முறை வந்தது. இரண்டும் நோன்பு மாதத்தில், தூக்கம் குலைந்தபோது. இரவிரவாகத் தையல் மெஷின், ஓயாத கதையும் சிரிப்பும். அப்போது மச்சான் பாறூக் சொன்னான்: "அது ஒங்கட உம்மாட ரத்தம்." என் உம்மாவுக்கும் இருந்ததுதான். அதற்காக? தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரை விட்டு வந்ததிலிருந்து இவன் பக்கத்து வீடு. அதுவே ஒரு தண்டனை. சஞ்சிகையை அவன் முற்றத்தில் நின்று வாசித்துக் காட்டினேன். கொட்டாவி விட்டான்.

மே 24
டொக்டர் சொன்னார்: மருந்து தவறக் கூடாது, தூக்கம் உடையக் கூடாது, இம்முறையும் மர்ளியாவுக்கு நோன்பு வேண்டாம். மூன்றாம் முறை வர விடமாட்டேன்.

மே 26
நோன்பு பிடிக்க விடியுமுன் உண்ணும் ஸஹர் உணவுக்கு றபான் மேளம் அடித்துப் பாடி ஊரை எழுப்பும் பாவாவிடம் போனேன். எங்கள் ஒழுங்கைக்குள், இந்தச் சின்னச் சந்துக்குள் மட்டும், றபான் வேண்டாம் என்றேன்.
"அப்ப ஆக்கள் எப்படி எழும்புற, ஹாஜியார்?"
"நான் ஹாஜியார் இல்ல. நானே கதவு கதவா விரலால தட்டுவன்."
பக்கத்தில் நின்ற பாறூக் சிரித்தான். "நீங்க எழும்பினாத்தானே!"

மே 28
முதல் நோன்பு. எல்லா வீடும் எழும்பியது. மர்ளியா அசையவே இல்லை!

ஜூன் 9
அவமானம். தூங்கிவிட்டேன். கண் திறந்தபோது விடியல் தொழுகைக்கான சுபஹு பாங்கு. ஒழுங்கை முழுவதும் வெறும் வயிற்றோடு நோன்பு.
"மணிக்கூட்டுக்குச் சாவி குடுக்க மறந்திட்டீங்களா, மச்சான்?" — பாறூக், தெருவுக்கே கேட்க.
உள்ளே மர்ளியா சிரித்தாள். பதறிப்போய்ப் பார்த்தேன் — அந்தச் சிரிப்பா? இல்லை. சிரித்து முடித்துத் தனக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனாள்.

ஜூன் 10
தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் இவ்வளவு நாளும் படுக்காமலே காவல் இருந்திருக்கிறேன். மர்ளியா கண்டுபிடித்துவிட்டாள்.
"அந்த ரத்தம் எனக்கு மட்டுமா வாப்பா? அவ ஒங்கட உம்மாதானே. போய்ப் படுங்க."
சஞ்சிகையைப் புரட்டினேன். அதுவும் அவள் பக்கம்தான்.
பாறூக் வந்தான். "நான் தட்டுறன். நீங்க பேசாமப் படுங்க."

ஜூன் 26
பெருநாள். நோய் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்! பாறூக் பெருநாள் இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்து, "தட்டித் தட்டி விரல் வீங்கிட்டு" என்று நீட்டிக் காட்டினான். ரத்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் மன்னிக்கவில்லை. வட்டிலப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

எழுத இன்னும் இருக்கிறது. மர்ளியா வாசலில் நின்று விளக்கைப் பார்க்கிறாள்.
ஓம் மகள். அணைக்கிறேன்.