கோயிலில் சொன்ன பெயர்

பத்து பாகாட், மலாயா,
பிங்கள வருஷம் ஐப்பசி, 1917

பாஸ்ராவில் பட்டாள லாஞ்சுப் படகு ஓட்டும் என் வீட்டுக்காரருக்குக் கிருஷ்ணம்மா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் நம் மகள் சந்திரமதியும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால்தானே எனக்குத் தெரியும்? ஆடியில் ஒரு கடிதம் வந்ததோடு சரி. கோபம் வந்தால் பேசாமல் இருப்பது உங்கள் வழக்கம். வீட்டுக்குள் என்றால் முகத்தைப் பார்த்தாவது புரிந்துகொள்வேன். இத்தனை கடல் தாண்டி உட்கார்ந்து மௌன விரதம் இருந்தால் நான் என்னவென்று நினைப்பது?

சந்திரமதிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா ஒட்டகம் கொண்டு வருவார் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிகிறாள். அதைக் கட்ட இடம் நீங்கள்தான் பார்க்க வேண்டும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. உங்கள் பழைய லாஞ்சைத் துறையில் பார்த்தேன். புது ஆள் அதை ஓட்டுகிற ஓட்டில் கிழவன் மாதிரி இருமுகிறது. நீங்கள் கேட்டால் சோறு இறங்காது.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. நெத்திலிக் கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், மிளகாய்த் தூள், கம்பளிக் காலுறை. மார்கழியில் அங்கே எலும்பு நடுங்கும் என்று எழுதியிருந்தீர்கள். உங்களோடு கரி போடுகிற மூவார் ஊர் மலாய்க்காரருக்கும், நீங்கள் ஏற்றி வருகிற காயம்பட்ட பஞ்சாபிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் காலுறை வைத்திருக்கிறேன். ஊறுகாயை ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டாம். உங்களை எனக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆடிக் கடிதத்துக்கு ஆவணியில் நான் ரோஷத்தோடு பதில் எழுதியதால் இதைச் சொல்லவில்லை. என் அண்ணன் வீரமுத்து உங்களுக்கு எழுதியது பாதிதான் உண்மை. நான் கோயிலில் சண்டையை ஏசினது நிஜம். உங்களை ஏசினேன் என்பது சுத்தப் பொய்.

தோட்டத்தில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி, சக்கரவர்த்திக்கு வெற்றி வேண்டி அம்மனுக்குப் பூஜை வைத்தார். பட்டாளத்துக்குப் போனவர் மனைவி என்று என்னை முன்னால் நிறுத்தி, கையில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தார்கள். எதிரி பூண்டோடு அழிய வேண்டிக்கொள் என்றார் கிராணி. மாட்டேன் என்றேன். அந்தத் துருக்கிக்காரனுக்கும் ஒருத்தி சோறு எடுத்து வைத்துக் காத்திருப்பாள் என்றேன். இங்கிலீஷ் ராஜாவுக்கு ஜெர்மன் ராஜா அத்தை மகன் முறை என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? மச்சான்மார் சண்டைக்கு ஊரார் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்றும் கேட்டுவிட்டேன். கிராணி கத்தினார். அண்ணனுக்கு அவமானமாகப் போய்விட்டது.

பிறகு நடந்ததை அண்ணன் உங்களுக்கு எழுதவில்லை. நான் தட்டைக் கீழே வைக்கவில்லை. என் வீட்டுக்காரரும் அவர் லாஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் உயிரோடு திரும்ப வேண்டும், அதற்கு அர்ச்சனை செய்யுங்கள் என்று பண்டாரத்திடம் நீட்டினேன். அவர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். எப்போதும் உங்கள் பெயரை எனக்காக அண்ணன்தான் சொல்வார். அன்று வாயையே திறக்கவில்லை. பெண்டுகள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து தூக்கத்தில்கூடச் சொல்லாத பெயரை, அய்யாவு, அனுஷ நட்சத்திரம் என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். இதோ, எழுதியும்விட்டேன்.

சொல்லும்போது பயம் இல்லை. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டது. பெண்சாதி வாயால் பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்களே. வீடு வந்து சேரும்வரை அழுதேன். நீங்கள் எழுதாமல் இருக்க இருக்க அந்தப் பயம் வளர்ந்துகொண்டே போகிறது.

நீங்கள் சண்டை ஆசையில் போனவர் இல்லை. குண்டு விழுகிற ஆற்றில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள். அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இந்தச் சண்டை இன்றைக்கே நின்று தொலையட்டும் என்கிறேன். அதில் மாட்டிக்கொண்டிருக்கிற உங்கள் யார் மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. இது உங்களுக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்?

தையில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டில் மதிப்பு இல்லாதவன் இன்னொரு வருஷம் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று ஆடிக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அதற்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கோபம் ஆறட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கோபத்தோடேயே வாருங்கள். வந்து நேரில் ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அம்மன் உங்களையும், உங்கள் லாஞ்சில் ஏறுகிறவர்கள் எந்தப் பக்கத்தாராக இருந்தாலும் அவர்களையும், கரை சேர்க்கட்டும். இது கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். சுகம் என்றுகூட வேண்டாம், திட்டியாவது எழுதுங்கள். நான் சொன்ன பெயரால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

உங்கள்
கிருஷ்ணம்மா