மிதுசாவுக்குப் பட்ட மூன்றாவது அடி

ஹம், ஜேர்மனி,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மகள் மிதுசாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் சுகம்தானே என்று எழுத இந்த முறை கை வரவில்லை, நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். போன் வெளிச்சத்தைப் பார்த்தால் தலை வெடிக்கிறது என்று சொன்னாய், மூன்று நாளாகப் போனை எடுக்கவும் இல்லை, அதனால்தான் கடிதம். உன் மாமி மகன் பிரதாப் லீவு முடிந்து நாளைக்கு மெல்பேர்ண் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் ஆடினால் கஷ்டப்பட்டு வாசிக்காதே, அவனையே வாசித்துக் காட்டச் சொல்.

போன கிழமைச் சனிக்கிழமை உன் விளையாட்டைப் பார்க்க அப்பா காலை எட்டு மணிக்கே குளித்து, உங்கள் கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் இருந்துவிட்டார். நீ ஹான்ட்பாலை விட்டுவிட்டு அவுஸ்திரேலியக் கால்பந்து என்று அந்த முட்டைப் பந்தைத் தூக்கியபோது ஒரு மாதம் உன்னோடு கதைக்காத மனிதர், நீ அங்கே சம்பளத்துக்கு விளையாடப் போன இந்த நாலு வருசத்தில், தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற ஜேர்மன்காரருக்கெல்லாம் அதன் சட்டதிட்டம் படிப்பிக்கிறார். மூன்றாவது கால்பகுதியில் நீ பந்தைப் பிடிக்க எழும்பினாய், பின்னால் வந்தவளின் முழங்கால் உன் காதுக்கு மேலே பட்டது. நீ விழுந்து உடனே எழும்பிவிட்டாய், அப்பா கைதட்டினார். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஆட்கள் எல்லாரும் ஒரு பக்கம் ஓட, நீ மட்டும் மற்றப் பக்கம் நாலடி நடந்தாய், பிறகு யாருடைய சட்டை நிறத்தையோ பார்த்துத் திரும்பினாய். அதை அப்பா காணவில்லை, டிவியில் கதைக்கிறவர்களும் சொல்லவில்லை.

அடுத்த நாள் நீ எனக்குப் போன் எடுத்தாய். இந்த வருசத்தில் தலையில் இது மூன்றாவது அடி என்றாய், இரண்டாவது பயிற்சியில் பட்டது, ஒருவருக்கும் தெரியாது என்றாய். சீசன் தொடங்க முதல் கம்ப்யூட்டரில் வைக்கிற மூளைச் சோதனையை வேண்டுமென்றே மெதுவாகச் செய்து வைத்தாயாம், அடிபட்ட பிறகு செய்தாலும் வித்தியாசம் தெரியாதாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாய். டொக்டரிடம் சொன்னால் நிப்பாட்டிவிடுவார்கள், ஒப்பந்தம் இந்தச் சீசனோடு முடிகிறது, விளையாடாதவளுக்குப் புது ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லாவிட்டால் விசாவும் இல்லையாம். "அவுஸ்பில்டுங் தொழில்படிப்பையும் பாதியில விட்டிட்டு வந்தனான் அம்மா, திரும்பி ஹம்முக்கு வந்து நான் ஆர்? விளையாடவும் ஏலாது, விடவும் ஏலாது" என்றாய். பிறகு அப்பா உட்பட ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். தராவிட்டால் அடுத்த முறை எனக்கும் மறைத்துவிடுவாய் என்ற பயத்தில் தந்தேன்.

அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்று உனக்குச் சொல்லத்தான் வேண்டும். அப்பா சாப்பாட்டு மேசையில் உன்னைப் பற்றியே கதைத்தார். ரஞ்சினி அக்கா கடையில் கண்டு, பிள்ளை நல்லா விளையாடுறாளாம் என்று சொல்ல, நான் சிரித்துத் தலையாட்டினேன். வாய் திறந்தாலும் உன்னை இழப்பேன், திறக்காவிட்டாலும் இழப்பேன். வேலைக்குப் போகிற ரயிலில் ஒருநாள் இருக்க முடியாமல், ஒரு ஸ்டேசன் முதலே இறங்கி நடந்தேன். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் கிரேமர் என்று ஒருவர் இருக்கிறார், அறுபத்தொரு வயதுதான், முந்தி குத்துச்சண்டை செய்தவர், சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிடுகிறேன். புதன்கிழமை அவருடைய மகள் வந்து பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தாள். அவர் மரியாதையாகக் கையை இழுத்துக்கொண்டு, இந்தப் பெண் யாரைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று என்னிடம் கேட்டார். மகளுக்கு அது பழகிவிட்டது. உனக்கும் அப்படி வரும் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போன பிறகு உன் கிளப்புக்குப் போன் எடுத்தேன். ஓம், நான்தான். வேறு ஒருவரையும் சந்தேகப்படாதே, உன்னோடு வீட்டில் இருக்கிற டெல்சிக்கு ஒன்றும் தெரியாது. என் இங்கிலிஷ் உனக்குத் தெரியும், அதனால் சொல்ல வேண்டியதை ஒரு துண்டில் எழுதி வைத்து வாசித்தேன். இரண்டு பேர் கை மாறிக் கடைசியில் டொக்டர் வந்தார். உன்னைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லத் தனக்கு அனுமதி இல்லை, ஆனால் நான் சொல்வதைக் கேட்கலாம் என்றார். மூன்று அடியையும் சொன்னேன், அந்தச் சோதனையையும் சொன்னேன். அவர் இடையில் மறிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்த அணிப் பட்டியலில் உன் பெயர் இல்லை.

அதைக் கண்டுதான் அப்பா கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். அவளின்ர வாழ்க்கையை நீ முடிச்சுப்போட்டாய் என்று கத்தினார். பிறகு பல்கனிக்குப் போனார். உள்ளே வந்து ஒன்றுதான் கேட்டார்: "அவள் மற்றப் பக்கம் நடந்ததை நான் ஏன் காணேல்லை?"

சத்தியத்தை மீறினது பிழை. அந்தப் பிழைக்கு என்னைத் திட்டு. கிளப்புக்குப் போன் எடுத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். உனக்கு ஒரு வழி காட்டிவிட்டேன் என்றும் நினைக்கவில்லை, இருந்த ஒன்றையும் அடைத்துவிட்டேன், அது தெரிந்துதான் செய்தேன். பாதியில் விட்ட படிப்பைத் திரும்பத் தொடங்க அன்ட்ராக், அந்த விண்ணப்பம், போட நவம்பர் கடைசி வரை நாள் இருக்கிறது என்று விசாரித்து அறிந்தேன். போடு என்று சொல்லவில்லை, நாள் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அங்கேயே இருக்க வேறு வழி தேடினாலும் சரிதான்.

அம்மாளாச்சி உனக்குத் துணை நிற்பாள், எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. டொக்டர் சரி என்று சொல்லும் வரை கார் ஓட்டாதே, மறந்துவிடாதே. அப்பா லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், அடுத்த கிழமை அங்கே வருகிறார், விளையாட்டுப் பார்க்க இல்லை. நீ கதவைத் திறக்காவிட்டால் படியில் இருப்பாராம். அவரையாவது உள்ளே விடு. நான் வரலாம் என்று நீ சொல்லும் நாள் வரை இங்கேயே இருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
புஸ்பவதி