உட்காரக் கூடாத நாற்காலிகளும் உயிரோடிருக்கும் நானும்

லவுத்தோக்கா
ஃபிஜி
அக்டோபர் 2009

அன்பு மகன் ராஜ்நீலுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலமாக, உயிரோடு இருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் வழக்கத்துக்காக எழுதுகிற வரிதான், ஆனால் இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, போன சனிக்கிழமை நம் தெருவில் பாதிப் பேர் நான் செத்துவிட்டேன் என்று நம்பியதால் எழுதுகிறேன். பிரிஸ்பேனில் நீயும் மருமகள் ரஜ்னீதாவும் குழந்தையும் சுகமாக இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் நான் சரியாக எதுவும் பேசவில்லை. நீ அழுதுகொண்டிருந்தாய், அது எதிர்வீட்டு நரேந்திராவின் போன், அவனும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சங்கத்துப் பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டு நீ இதை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகப் படி. இந்தியில் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் பாதியிலேயே தீர்ந்துபோகிறது, தமிழில்தான் ஒழுங்காக வருகிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். லவுத்தோக்காவில் டிசைன் திருவிழா என்று ஒன்று நடத்தப் போகிறார்கள், நகரத்துப் பழைய வீடுகளில் புது மாதிரி நாற்காலி மேசைகளை வைத்து நாலு நாள் ஜனங்களுக்குக் காட்டுவார்கள், நம் வீட்டையும் கேட்கிறார்கள், கொடுத்தால் வீட்டுக்குப் பெருமை என்று நீதான் போனில் சொன்னாய். நானும் சரி என்றேன். சர்க்கரை மில்லில் வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலத்தில் கட்டிய வீடு, கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போனபோது உன் அப்பா ஓவர்டைம் வேலை செய்து வாங்கிய வீடு, இன்றைக்கும் தெருவில் இதைக் குலம்பர் பங்களா என்றுதான் சொல்கிறார்கள். நம் பாட்டன்மாரைக் கரும்புக் கொல்லையில் விரட்டி வேலை வாங்கிய குலம்பர் துரை தூங்கிய அறையில் நாம் தூங்குகிறோம் என்று உன் அப்பாவுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். பார்க்க வருகிறவர்கள் அதையும் தெரிந்துகொள்ளட்டுமே என்று நினைத்தேன். இதுதான் நடக்கப் போகிறது என்று தெரிந்திருந்தால் கேட்டைப் பூட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

வியாழக்கிழமை சூவாவிலிருந்து ரொனீதா என்று ஒரு பெண், லாரியோடும் ஆட்களோடும் வந்தாள். நல்ல பெண்தான், வாய்க்கு வாய் ஆன்ட்டி ஆன்ட்டி என்றுதான் பேசினாள். ஆனால் ஆன்ட்டி என்று சொல்லிக்கொண்டே என் வீட்டைக் காலி செய்துவிட்டாள். முன்ஹாலில் இருந்த சோபா, டிவி, கண்ணாடி அலமாரி, உன் அப்பா வெசி மரத்தில் செய்த கட்டில், எல்லாம் வெளியே போய்க் கார் ஷெட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. கேட்டால், பழைய சுவருக்கும் புதுப் பொருளுக்கும் நடுவில் வேறு எதுவும் கண்ணில் படக் கூடாதாம். நாற்பது வருஷமாக நான் துடைத்துவைத்த சாமான் கண்ணில் படக் கூடாத சாமானாகிவிட்டது. அதற்குப் பதிலாக என்ன வந்தது தெரியுமா, கரும்பு லாரியின் பழைய பலகையில் ஒரு பெஞ்சு, சர்க்கரைச் சாக்கைத் தைத்து மூடிய ஒரு மோடா, மூன்று கால் உள்ள ஒரு நாற்காலி, நாலாவது கால் எங்கே என்று கேட்டேன், அதுதான் டிசைன் என்றாள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் அட்டை, தொடாதீர்கள், உட்காராதீர்கள் என்று. பெயர் பதிகிறவர்கள் இருக்க வாசலில் பெரிய நீலத் தார்ப்பாயையும் கட்டினார்கள். வருகிறவர்கள் பார்க்கும் நேரத்தில் நான் பின்பக்கம் சமையலறையோடு இருந்தால் நல்லது என்று ரொனீதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். சொந்த வீட்டில் என்னை ஒளித்துவைத்தார்கள். அதற்கும் தலையாட்டினேன், நீ கொடுத்த வாக்காயிற்றே.

சனிக்கிழமை காலை, புரட்டாசிச் சனிக்கிழமை, நான் குளித்துவிட்டுப் பின்னால் பெருமாளுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் என்ன நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது எதிர்வீட்டு நரேந்திரா டாக்சி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து இறங்குகிறான் என்று வைத்துக்கொள். அவன் கண்ணில் என்ன படும். நம்மவர்களில் சாவு விழுந்தால் முதல் காரியம் முன்ஹாலைக் காலி செய்து கட்டில் மேசையை வெளியே போடுவது, அடுத்தது வாசலில் தார்ப்பாய் கட்டுவது. கல்யாணத்துக்கும் தார்ப்பாய் உண்டு, ஆனால் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒரு மாதத்துக்கு முன்பே வீடு வீடாகப் போயிருக்கும். பத்திரிகை இல்லாமல் தார்ப்பாய் தெரிந்தால் இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். என் கட்டில் வெளியே கிடக்கிறது, வாசலில் முகம் தெரியாத கார்கள், இறங்குகிறவர்கள் எல்லாரும் மேலிருந்து கீழ்வரை கறுப்பு உடை. டிசைன்காரர்கள் கறுப்புதான் போடுவார்களாம், எனக்கு எப்படித் தெரியும், நரேந்திராவுக்கு எப்படித் தெரியும்.

இது போதாதென்று நுழைகிற இடத்தில் என் கல்யாணப் படம். என் படுக்கையறையில் இருக்கிற படம் இல்லை, நீ எடுத்துக்கொண்டு போன பிரதியை நீயே கம்ப்யூட்டரில் அனுப்ப, அவர்கள் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். அழகுக்கு என்று அதன் மேல் சிப்பிகளைக் கோத்து ஒரு மாலை. உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போடலாமா கண்ணு. அப்பா போன பிறகு அவர் படத்தைத் தனியாக எடுத்து அதற்குத்தான் மாலை போட்டேன், நாங்கள் இரண்டு பேரும் இருக்கிற படத்தின் மேல் ஒரு பூவைக்கூட வைத்ததில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, சின்னப் பெண், விட்டுவிடலாம். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு பலகை. அதை நரேந்திரா படித்தான், அன்று மாலை எனக்கும் படித்துச் சொன்னான். இந்த வீட்டில் வாழ்ந்த குடும்பம் ராணுவப் புரட்சிகளுக்குப் பிறகு நாட்டை விட்டுப் போய்விட்டது, வெறுமையாகிப்போன இதுபோன்ற வீடுகளின் நினைவாக இந்தக் காட்சி என்று எழுதியிருந்ததாம்.

படித்தவன் நேராகத் தன் வீட்டுக்கு ஓடி, உனக்குப் போன் போட்டு அம்மா போய்விட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான், பிறகு வுனிமோனோவில் உன் மாமா அப்பாசாமிக்கும் சொல்லியிருக்கிறான், பிறகு தெருவுக்குச் சொல்லியிருக்கிறான். அரைமணி நேரத்தில் ஜனங்கள் வந்துவிட்டார்கள். சாவு வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரியே சர்க்கரை, தேயிலை, மாவு, பருப்பு, ஆண்கள் கையில் கரைத்துக் குடிக்க யங்கோனா வேர்த் தூள் பொட்டலங்கள். பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, சீட்டுக் கேட்ட ஆளைத் தள்ளிவிட்டு உள்ளே போய், என் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரர் இரண்டு பேர் இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துப் படம் பிடித்தார்களாம். சத்தம் கேட்டு யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நான் கரண்டியும் கையுமாக ஓடிவந்தேன். என்னைப் பார்த்ததும் ஒருத்தி அப்படியே மயங்கிச் சாய்ந்தாள். நரேந்திரா கும்பிட்டுக்கொண்டே, "மௌசி, நீங்கதானா, நெசமாவே நீங்கதானா" என்று என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பெருமாளுக்கு வைத்த பொங்கல் அடிப்பிடித்துப் போனதுதான் மிச்சம்.

சாவு வீட்டுக்கென்று கொண்டுவந்த பொருளை யாரும் திருப்பி எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள், அது உனக்கே தெரியும். அங்கேயே சமைத்துத் தின்றாக வேண்டும். சமைக்கும்வரை அவர்கள் எங்கே உட்காருவார்கள். தொடாதீர்கள் அட்டையை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, எல்லாரும் உட்காருங்கள் என்றேன். ரொனீதா, ஆன்ட்டி ப்ளீஸ், ஆன்ட்டி ப்ளீஸ் என்று பின்னாலேயே வந்தாள். இந்த வீட்டுக்குள் வந்தவர்களை யாரும் நிற்கவைத்ததில்லை என்று அவளிடம் சொன்னேன். இரண்டாயிரத்தில் புரட்சிக் கலவரத்துக்குப் பயந்து உன் மாமா குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் நௌசோரிப் பக்கமிருந்து ஓடிவந்து இதே முன்ஹாலில்தான் படுத்துக் கிடந்தார்கள், அப்போது எந்தச் சாமானிலும் அட்டை கட்டியிருக்கவில்லை. மாமா மாலையில்தான் வந்து சேர்ந்தார். "தங்கச்சி, ஒன் மொகத்தக் கடைசியா பாக்காம போயிட்டனேன்னு சிங்கதோக்கா வரைக்கும் பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தேன்" என்றவர், என்னைப் பார்த்த பிறகும் அழுதார், பிறகு திட்டினார், பிறகு அந்த மூன்றுகால் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் உடம்பு உனக்குத் தெரியும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அது ஆடக்கூட இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல நாற்காலிதான். அதைச் செய்த விரேந்திரா என்கிற பையன் கறுப்புச் சட்டையோடு ஓரமாக நின்றிருந்தான், திருவிழாவில் தன் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் இவர்தான் என்று மாமாவுக்குத் தானே ஒரு கிண்ணம் யங்கோனா கொடுத்தான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் யார் மேல் என்று இப்போது சொல்கிறேன். எல்லாரும் போன பிறகு ரொனீதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாங்கள் போய்விட்டோம் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, உங்கள் மகன்தான் ஆன்ட்டி என்றாள். கிறிஸ்துமஸுக்குள் அம்மா பிரிஸ்பேனுக்கு வந்துவிடுவாள், வீடு காலியாகிவிடும், விற்கப் போகிறோம், திருவிழாவில் நாலு பேர் பார்த்தால் நல்லதுதான் என்று நீ எழுதியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. என்னை வீட்டை விட்டு அனுப்பியாகிவிட்டது என்பதை என் வாசலில் பலகையில் எழுதிவைத்து, ஊர் படித்து, நான் கடைசியாகத் தெரிந்துகொள்கிறேன். முதல் புரட்சி நடந்த எண்பத்தேழில் உன் சித்தப்பா குடும்பம் கனடா போனபோது யாரும் அவரைப் போகாதே என்று சொல்லவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு நீ போகிறேன் என்றபோது நானே உனக்குப் பெட்டி கட்டினேன், வாழ வேண்டிய பிள்ளை, பயந்து பயந்து இருக்க வேண்டாம் என்று. போனவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போகாதவளைப் போய்விட்டாள் என்று எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போதிருந்து நாலு புரட்சி பார்த்துவிட்டேன். துப்பாக்கி வைத்திருந்தவன்கூட என்னைக் கேட்காமல் என் வீட்டைக் காலி என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பலகையை எடுத்துவிட்டேன். மாலையையும் கழற்றி ரொனீதா கையில் கொடுத்தேன். மீதி இரண்டு நாளும் முன்ஹாலில் நானே உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தேன், யார் வீடு என்று கேட்டவர்களுக்கு என் வீடு என்றேன். கூட்டம் அந்த இரண்டு நாளில்தான் அதிகம் என்று ரொனீதாவே சொல்லிவிட்டுப் போனாள். கட்டிலையும் அலமாரியையும் நரேந்திரா ஆள் வைத்து உள்ளே கொண்டுவந்து போட்டுவிட்டான். வீட்டை விற்கிற பேச்சு இனிமேல் இருந்தால் என் முகத்தைப் பார்த்து, இந்த ஹாலில் உட்கார்ந்து பேசு. வர மாட்டேன் என்று நான் சொல்லலாம், வருகிறேன் என்றும் சொல்லலாம், ஆனால் சொல்ல வேண்டியவள் நான்.

கடைசியாக அந்த டிக்கெட் விஷயம். நான் செத்துவிட்டேன் என்று கேட்டதும் ஒரு மணி நேரத்தில் டிக்கெட் வாங்கி, ஆபீசில் லீவும் வாங்கிவிட்டாய். உன் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அப்பாவின் காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவன் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை, எப்போது கேட்டாலும் லீவு இல்லை, டிக்கெட் இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்ததும் நீ போனில் என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா. பணம் திரும்ப வராதும்மா, ஆனா தேதி மாத்திக்கலாம், ஒரு வருஷம் வரைக்கும் செல்லும், தேவைப்படும்போது இருக்கட்டும் என்றாய். தேவைப்படும்போது என்றால் எப்போது கண்ணு. அதற்குப் பிறகுதான் நரேந்திராவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். வெயிலில் குழந்தையை வெறுங்காலோடு விடாதே. மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். முழங்காலுக்குத் தடவுகிற அந்தப் பச்சை மருந்து தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கிக்கொண்டு வா. தபாலில் அனுப்பாதே, கொண்டுவா. அந்த டிக்கெட்டை என் சாவுக்கென்று எடுத்துவைக்காதே. டீ போட்டுக் கொடுக்க எனக்குக் கை கால் நன்றாக இருக்கும்போதே அதில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போ.

குலம்பர் பங்களாவில் இன்னும் குடியிருக்கும்
உன் அம்மா
கோவிந்தம்மா