எச் என்றால் ஹாயா

மச்சான்,

நேற்று அக்கா விளக்கெண்ணெயைச் சுடவைத்து என் முழங்காலில் தேய்த்துவிட்டாள். மற்றவர்களுக்கு அது விளக்கெண்ணெய் வாசம், எனக்கோ நம் வண்டியின் வாசம். ஷாக் அப்சார்பர் பெட்டிக்கு ஊற்ற வேண்டிய எண்ணெய் புதுக்கோட்டையில் கிடைக்கவில்லை என்று விளக்கெண்ணெயை ஊற்றியே ஓட்டினீர்களே, அந்த வாசம். நீங்கள் எங்களை விட்டுப் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. என் மூக்கு இன்னும் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிய பிக்கப் அது. அதில் ஒரு ஜெனரல் பர்மாவரைக்கும் போனார் என்று ஆலங்குடியில் பாதிப் பேரை நம்பவைத்தேன். மீதிப் பேரிடம் ஆப்பிரிக்கா என்று சொன்னேன். நீங்கள் பக்கத்தில் நின்று இரண்டுக்கும் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். இதில் ஜோடனை கிடையாது. இருந்தால் கொஞ்சம் இருக்கும்.

சமஸ்தான ஆட்சி போய் அப்போது இரண்டு மூன்று வருஷம் இருக்கும். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அக்காவை வயிற்றைக் கிழித்துத்தான் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை. அந்த வார்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மற்றவர்களின் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. அக்கா சோற்றையும் தொடவில்லை, கண்ணையும் மூடவில்லை. பன்னிரண்டாம் நாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கிட்டுக் கெடந்தா நான் பொழைக்க மாட்டேங்க. என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

டாக்டரம்மா நம்மை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "தையல் இன்னும் சரியா ஆறலை. ஒங்க ஊரு ரோட்டுல வண்டி நல்லா ஒரு குலுக்கு குலுக்குனா பிரிஞ்சுரும். பாத்துக்கங்க."

நான்தான் மார்தட்டினேன். "கவலைய விடுங்க மச்சான். நம்ம வண்டிய நான் செட் பண்ணித் தாரேன். அக்கா தொட்டில்ல போற மாதிரிப் போகும்."

அந்தப் பெட்டிகளை ஊரில் வேறு யாரும் தொட்டதில்லை. சக்கரத்துக்கு ஒன்றாக, சட்டத்தில் முடுக்கிய வட்டப் பெட்டிகள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் துள்ளும். அந்தத் துள்ளலை உள்ளே இருக்கும் எண்ணெய் பிடித்து அடக்கும். எவ்வளவு அடக்க வேண்டும் என்பதற்குப் பெட்டியின் நடுவில் ஒரு திருகு. திருகின் ஒரு பக்கம் எச், மறுபக்கம் எஸ் என்று இங்கிலீஷ் எழுத்து.

நம் இருவரில் இங்கிலீஷ் படித்தவன் நான். அரை வருஷம்தான். முழு வருஷமும் போயிருந்தால் இந்நேரம் தாசில்தாராக இருந்திருப்பேன் என்பது ஊரறிந்த விஷயம். எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நான்கு திருகையும் எச் பக்கம் கடைசிவரை திருப்பினேன்.

"அக்காவ நாளைக்கே ஏத்திரலாம் மச்சான்."

"ஏத்தலாம். மொதல்ல என்னைய ஏத்திப் பாரு," என்றீர்கள். "நான்தான் ஒங்கக்கா. நீ ஓட்டு."

பின்னால் வைக்கோலைப் பரப்பி, ஆள் பாரத்துக்கு இரண்டு மணல் மூட்டை போட்டு, நீங்கள் மல்லாந்து படுத்தீர்கள். தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைத்த பித்தளைக் குடத்தை வயிற்றின் மேல், தையல் இருக்கும் இடத்தில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டீர்கள். புதுக்கோட்டைக்குக் கிழக்கே நம் ஊர் ரோட்டில் இருக்கும் சின்னப் பாலத்தைத் தாண்டியதும் அந்தப் பள்ளம். நான் இறக்கியதுதான் தாமதம், பின்னால் 'டங்' என்றது. ஓடிவந்து பார்த்தால் குடம் உங்கள் தாடையில் இடித்து உதட்டில் ரத்தம். சட்டை முழுக்கத் தண்ணீர்.

"மாப்ளே," என்றீர்கள், எழுந்திருக்காமலே. "எச்சுன்னா என்ன?"

"ஹாயா, மச்சான்."

"எஸ்ஸு?"

"ஸ்டிராங்."

"வண்டியச் செஞ்ச வெள்ளக்காரன் தமிழ் படிச்சவனா இருப்பான் போல." பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "எழுத்து என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது மாப்ளே. என் வகுறு வேற சொல்லுது," என்றீர்கள்.

எச் என்றால் ஹார்டு, எஸ் என்றால் சாஃப்ட் என்று ஒரு பஸ் மெக்கானிக் எனக்குச் சொன்னது ரொம்ப நாள் கழித்து. நீங்கள் யாரையும் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, எல்லாவற்றையும் எஸ் பக்கம் திருப்பினீர்கள். மறுபடி குடம் நிறைத்து, மறுபடி படுத்தீர்கள். இப்போது அடி விழவில்லை. ஆனால் பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி நாலு ஆட்டம் ஆடித்தான் நின்றது.

"குலுக்கலை, ஆட்டுது. ஆட்டுனாலும் தையலு இழுக்குமுல்ல."

பிறகு கால் திருப்பு, அரைக்கால் திருப்பு. முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, இடமும் வலமும் மட்டும் ஒன்றுபோல. ஒவ்வொரு தடவையும் இறங்குவீர்கள், அடியில் நுழைவீர்கள், குடத்தை நிறைத்துக்கொண்டு வந்து படுப்பீர்கள். முப்பது தடவை என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஒன்பது. ஒன்பதாம் தடவை குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர்தான் சிந்தியிருந்தது.

"இப்ப ஒத்துக்கிருச்சு," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினீர்கள்.

மறுநாள் அக்காவை அதே வைக்கோலில் கிடத்தி, தலைமாட்டில் நீங்கள் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் ஓட்டினேன். அந்தப் பாலம் கண்ணில் பட்டதும் என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வண்டியை நிறுத்திவிட்டேன்.

"என்னடா நின்னுட்ட?"

"பாலம் மச்சான்."

"போ, போ. ஒங்கக்கா தூங்குறா."

பன்னிரண்டு நாளாக மூடாத கண்.

வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. தையல் பிரியாமல் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று ஒருவர் கேட்டதும், "எல்லாம் நம்ம வச்ச செட்டிங்குதான்!" என்று என் வாய் முந்திக்கொண்டது. சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தேன். வீங்கிய உதட்டோடு தலையாட்டினீர்கள். "ஆமா, மாப்ள இங்கிலீஷப் பாத்து வச்சதாக்கும்."

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. டாக்டரம்மா என்னைப் பாராட்டிக் கைகொடுத்தார் என்றேன், அதற்கும் தலையாட்டினீர்கள். ஒரு பஸ் முதலாளி செட்டிங் வைக்கக் கூப்பிட்டபோது நான் முன்னால் நடந்தேன். நீங்கள் என் கையாள் மாதிரி ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து, படுத்துப் பார்த்து, முடித்துக் கொடுத்தீர்கள்.

நேற்று அந்த வாசம் ஏறியதும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு வண்டிய செட் பண்ணது நான் இல்ல. மச்சான்தான்."

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்டா தம்பி. வந்தன்னைக்கே தெரியும். அவுக சட்டையக் கழட்டுனா முதுகெல்லாம் செராய்ப்பு, வகுத்துல குடம் வச்ச தடம் வட்டமாக் கன்னிப் போயிக் கெடந்துச்சு. இதே வெளக்கெண்ணெய படுத்துக்கிட்டே தடவி விட்டேன்."

"பெறகு ஏன் சொல்லலை?"

"அவுகதான் வேணாம்னாக. 'மாப்ள சந்தோசமாச் சொல்லிக்கிட்டுத் திரியுறான், விடு'ன்னாக."

இன்று காலை டீக்கடைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன் மச்சான். ஒன்பது தடவை, குடம், உதட்டு ரத்தம், எல்லாம். ஒருவரும் நம்பவில்லை. "மச்சான் மேல உள்ள பாசத்துல அளக்குறாரு பாரு," என்று சிரிக்கிறார்கள். இத்தனை வருஷம் சொன்ன பொய்யெல்லாம் செல்லுபடியாகிவிட்டது. சொன்ன ஒரே ஒரு நிஜத்துக்கு மதிப்பில்லை. உங்கள் பேரைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அது என் மேலேயே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

வண்டி என்றைக்கோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ரோடும் மாறிவிட்டது, பாலத்துக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளம் இப்போது இல்லை. ஆனாலும் ஆலங்குடி பஸ் அங்கே வரும்போது என் இரண்டு கையும் தானாக வயிற்றுக்குப் போய்விடுகின்றன. பக்கத்து சீட்டுக்காரர், "வகுத்து வலிங்களா?" என்று கேட்பார்.

இல்லை என்று தலையாட்டுகிறேன். பாலம் தாண்டுகிறவரை கையை எடுப்பதில்லை. ஒரு சொட்டு சிந்தக் கூடாது மச்சான்.