வழவழப்பில் வந்த எலும்பு

அக். 27, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. முடிச்சூர் ரோட்டில் ஆட்டோ இல்லை. ஸ்டேஷன் வரை நடை. செருப்பு போச்சு. ரயிலில் ஒருத்தன் போனில்: "மச்சான், லேட்டாவும்டா. மழை பேஜார் பண்ணிகினு கீது."

வாங்க: செருப்பு, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, லேபுக்குக் கையுறை.

மூன்று வாரம் வளர்த்த ஸ்டெம் செல்லுக்கு இன்று சாயம். சுண்ணாம்புச் சத்து படிந்த இடம் சிவக்கும். சிவந்தால் எலும்பு உண்டாகிறது என்று அர்த்தம். செல் வளர்வது சின்ன டைட்டானியம் வில்லை மேல். வில்லை இரண்டு வகை: வழவழ, சொரசொர. சொரசொரப்பில் செல் பிடித்து நின்று எலும்பாக மாறும். வழவழப்பில் சும்மா பரவிக் கிடக்கும். என் ஆராய்ச்சி முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

சிவந்தது வழவழ. சொரசொர வெளிறிக் கிடக்கிறது.



அக். 28, செவ்வாய்
தூறல். என் கைடு மேடம் பார்த்தார். "ஷீபா, எதிர்மாறா வந்தாலும் ரிசல்ட் ரிசல்ட்தான். எழுதி வை."

வெள்ளிக்கிழமை என் ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் கமிட்டி. மூன்று வருடம் சொன்னது தப்பு என்று நானே நின்று சொல்ல வேண்டும். கோபம் கோபமாக வருகிறது. யார் மேல்? செல் மேல்தான் போல.

அம்மா சபை வாட்ஸப் குழுவில் 'மகளுக்கு எலும்பு நன்றாக வர ஜெபியுங்கள்' என்று போட்டுவிட்டாள். மாலைக்குள் மூன்று ஆன்ட்டிகள் போன். எங்கே விழுந்தாய், எந்தக் கை என்று.

அக். 29, புதன்
மாத்திரை வாங்கியாச்சு. செருப்பு இல்லை.

லேபில் உதவிக்கு இருக்கும் கஸ்தூரி அக்கா டப்பா மூடிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் இன்னும் போவல பாரும்மா."

வில்லை டப்பா மூடியிலும் குங்குமம். மூடியைக் கையில் எடுத்தேன்.

"இதையும் அன்னிக்குக் கழட்டினீங்களாக்கா?"

"அல்லாத்தையும் கழட்டிக் கழுவி வெயில்ல வச்சேன். ஏம்மா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அவர் நம்பவில்லை.

'வழவழ', 'சொரசொர' என்று மூடியில் மட்டும்தான் எழுதுவோம். டப்பா இரண்டும் ஒன்றுபோல. வில்லையும் ஒரே சாம்பல் நிறம், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பூஜைக்கு அப்புறம்தான் இந்த வில்லைகளை எடுத்துச் செல் போட்டேன். கழுவி மூடும்போது மூடி மாறியிருந்தால்? நோட்டில் பேரை அடித்து மாற்றி எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் இந்தக் காரணம் எனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. அதனாலேயே நம்பப் பயம். அளந்து பார்க்காமல் பேனாவைத் தொடக் கூடாது.

அக். 30, வியாழன்
வெயில். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் மேற்பரப்பை அளக்கும் கருவி. வில்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அடிப்பக்கத்தில் செல் இல்லை, அதனால் அங்கே வைத்தேன். ஊசி நகர நகரத் திரையில் கோடு.

வெளிறிய வில்லை: கோடு கிட்டத்தட்ட நேர்.
சிவந்த வில்லை: மேடு, பள்ளம், மேடு, பள்ளம்.

எல்லாவற்றையும் அளந்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. மூடிதான் மாறியிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கருவியைப் பார்த்துக்கொள்பவர் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மேடம்: "சந்தோஷம். ஆனா பேரைத் திருத்தி எழுதி கமிட்டிகிட்ட நீட்டாத. நடந்ததை அப்படியே சொல்லு. வில்லை அடியிலயே குறி கீறிட்டு மறுபடி போடு."

மறுபடி மூன்று வாரம். கொஞ்சம்கூடக் கசக்கவில்லை.

அக். 31, வெள்ளி
கமிட்டி. எல்லாம் சொன்னேன். ஒரு சார்: "மூடியில மட்டும் ஏன் எழுதினீங்க?"

"எப்பவும் அப்படித்தான் எழுதுவோம் சார்."

"நாங்களும் அப்படித்தான் எழுதினோம்" என்று சிரித்துவிட்டார். மறுபடி செய்ய அனுமதி.

வெளியே வந்தால் படிக்கட்டில் கஸ்தூரி அக்கா. முகம் செத்துப்போய்.

"என்னிய வேலைய விட்டு அனுப்பிடுவாங்களாம்மா?"

"உங்க பேரே வரலக்கா. மூடியில எழுதினது நாங்க. அதைத்தான் சொன்னேன்."

சுவரில் சாய்ந்தார். "புதன்கிழமைலேர்ந்து சோறு எறங்கல."

"எனக்கு திங்கக்கிழமைலேர்ந்து."

கேன்டீன் போனோம். வடை தீர்ந்துவிட்டது. சாம்பார் சாதம் வாங்கினோம். சாப்பிட்டோம். அப்புறம் அக்கா எழுந்து போய் இன்னொரு தட்டு வாங்கி வந்தார்.