இடக்கையால் சோறு போட்ட பாப்பம்மா

என் பாக்கியம்,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகுமா என்று தெரியவில்லை. அதனால் இதைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். ஊரார் படிப்பார்களே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் அவர்களே. அவர்கள் காதிலும் விழட்டும்.

ஒழுங்குபடுத்திக்கொள்ளாமல் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே சொல்லப்போவதை முதலில் வரிசையாக வைத்துவிடுகிறேன்.

1. நீ போன பிறகு நான் சிரிப்புப் படம் போடுகிறவன் ஆன கதை.
2. அந்தப் படத்தில் உன்னை வைத்தது. அதில் நேர்ந்த பிழை.
3. நீ ஒரு நாளும் எனக்கு இடக்கையால் சோறு போட்டதில்லை என்பதை எல்லாரும் அறியச் சொல்வது.
4. நம் மகள் செல்லம்மாள் என்னோடு பேசுவதில்லை. அதற்கு உன்னிடம் வழி கேட்பது.

நீ போனதும் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் நம் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை பகலில் ஈயச் சுரங்கத்துக்குப் போய்விடுவார். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த கைக்குப் பேனா இல்லாமல் இருக்க முடியவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் வரைய ஆரம்பித்தேன்.

முன்பும் வரைந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? துரை படித்துவிட்டுக் கழிக்கும் இங்கிலீஷ் சிரிப்புப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து வரைவேன். ஈப்போவில் கூடாரம் போட்டுக் காட்டிய பயாஸ்கோப்பில் ஒரு தடியன் வழுக்கி விழுந்தான். எல்லாரும் சிரித்தபோது, அவன் விழுவதற்கு முன்னால் எந்தக் காலைத் தூக்கினான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனர் கோயில் மேடைக்கூத்தில் கோபத்தைக் காட்ட வாய் வேண்டியதில்லை, புருவம் போதும் என்று கற்றுக்கொண்டேன். ஒருநாள் நீ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய்.

"இது யாரு, நம்ம தொரையா?"

"ம்."

"காலு எங்க?"

"மேசைக்குப் பின்னால இருக்கு."

"போன படத்துல கங்காணிக்கும் மேசைக்குப் பின்னாலதான் இருந்துச்சு. ஒங்களுக்குக் காலு வரைய வராது, அதச் சொல்லுங்க."

உண்மைதான். இன்னும் வரவில்லை. அதனால்தான் பத்திரிகைக்கு முதல் படம் போட்டபோது, உட்கார்ந்து சாப்பிடும் மனிதனை வரைந்தேன். சப்பணம் போட்டவனுக்கு வேட்டி போதும், கால் வேண்டாம்.

நாலு கட்டம். புருஷன் பத்திரிகை படித்தபடியே சாப்பிடுகிறான். பெண்சாதி சோறு போட்டுக்கொண்டே கூரை ஒழுகுகிறது என்கிறாள். "ம்" என்கிறான். ஆடு கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது என்கிறாள். "ம்." மூன்றாவதில், பக்கத்து வீட்டுக்காரனோடு ஓடிப்போகப் போகிறேன் என்கிறாள். அதற்கும் "ம்." கடைசியில், "சோறு தீந்துபோச்சு, இலையத் தின்னாதீங்க" என்கிறாள். மென்றுகொண்டே "ம்."

பாப்பம்மா என்று பெயர் வைத்தேன். ஆனால் அகப்பையை இடுப்பில் ஊன்றி நிற்பது நீ. ஒரு புருவத்தை மட்டும் ஏற்றுவதும் நீ. வேறு எந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், பாக்கியம்?

பிழையைச் சொல்கிறேன். அச்சுக்கட்டையில் செதுக்கினால் இடம் வலமாக மாறி அச்சாகும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே கண்ணாடியை வைத்துப் பார்த்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே இடம் வலமாக மாற்றி வரைந்தேன். நாலு நாள் உழைப்பு. அப்படி மாற்றிச் செதுக்குவது கட்டை வெட்டுகிறவரின் அன்றாட வேலை, அவரே அதைப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது. ஈப்போவில் கட்டை வெட்டும் சீனரின் கடை வாசலில் வெகுநேரம் நின்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க வெட்கப்பட்டு, படத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் வரைந்தபடியே அச்சாகி வந்தது. உன் மூக்குத்தி இடப்பக்கம் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. புருஷனின் கை பத்திரிகைக்குப் பின்னால் மறைந்திருந்ததால் அதுவும் தப்பியது. ஆனால் நாலு கட்டத்திலும் நீ இடக்கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தாய்!

ஜனங்கள் அதற்குத்தான் சிரித்தார்கள். புருஷன் நிமிர்ந்து பார்க்காதவன், அந்தத் தைரியத்தில் இவள் இடக்கையால் போடுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் நினைத்த சிரிப்பைவிட அது நல்ல சிரிப்பாக இருந்தது. ஈப்போவில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடைக்காரர் ராவுத்தர், கிண்ணத்தை இடக்கையால் நீட்டினார்.

"இந்தாங்க கிராணியாரே. நிமிந்து பாக்காம குடிக்கணும், தெரியுமா?"

கடையே சிரித்தது. பக்கத்து மேசையில் ஒருவர், "அண்ணே, அவரு மேல கோவிச்சுக்காதீங்க லா, எங்க வீட்லயும் நேத்து அகப்பை கை மாறிடுச்சு" என்றார். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒன்றுக்காக ஒரு கடை முழுவதும் சிரித்தது அன்றுதான்.

அடுத்த வாரம் வலக்கைக்குத் திருத்தி வரைந்து எடுத்துப்போனேன். பத்திரிகை ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "கைய மாத்திட்டா அப்புறம் என்னங்கய்யா இருக்கு? ஒரு குடும்பம் சாப்பிடுது, அவ்வளவுதானே?" என்றார். நான் அவர் மேசையிலேயே உட்கார்ந்து மறுபடியும் இடக்கைக்கு மாற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு வந்த எல்லாப் படத்திலும் இடக்கைதான். முதல் படம் அறியாமை. மற்றவை நான் அறிந்து செய்தவை.

மாப்பிள்ளை அந்தப் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். செல்லம்மாள் வெகுநேரம் பார்த்தாள். மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். அன்று நின்ற பேச்சுதான். வேளாவேளைக்குச் சோறு வைக்கிறாள். குழம்பு வேண்டுமா என்று பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்கிறாள். ஆசிரியர் அடுத்த படத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். வரைந்தால் மகளை இழப்பேன். நிறுத்தினால் மறுபடி சும்மா உட்கார்ந்திருக்கும் கிழவனாவேன். இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று கேட்டால், உடனே பதில் வராததுதான் எனக்கு வெட்கம். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஆகவே மூன்றாவதைச் சொல்கிறேன். வாசகர்களே கேளுங்கள். என் பெண்சாதி பாக்கியம், வாசலில் வந்து நின்ற பண்டாரத்துக்கும் வலக்கையால்தான் அரிசி போட்டாள். அவள் எனக்கு ஒரு நாளும் இடக்கையால் சோறு போட்டதில்லை.

இதுவரை எழுதியதை நேற்றுச் செல்லம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி வந்ததும் முறம் நின்றது.

"அப்ப ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

"என்னது?"

"கஞ்சிப் பானை சாஞ்சு அம்மா வலது கை வெந்துபோச்சே. மொழங்கை வரைக்கும் கொப்புளம். அது ஆறுற வரைக்கும் இடது கையாலதான் ஒங்களுக்குச் சோறு போட்டுச்சு. நான்தான் பக்கத்துல நின்னு பானையப் புடிச்சுக்குவேன்."

படித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தேன்.

"நீங்க பாத்துட்டீங்க, பாத்தும் கேக்காம இருந்தீங்கன்னு நெனச்சேன். இப்ப அதயே ஊரு சிரிக்கப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். பாக்கவே இல்லியா?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அப்பா பயந்துருவாரு, மருந்து போடுற டிரஸ்ஸர் வீட்டுக்கு ஓடுவாரு, சொல்லாதன்னுச்சு. கை முந்தானைக்குள்ள இருக்கும். நீங்க பேப்பருக்குள்ள இருப்பீங்க. 'சோத்துல கல்லு கெடந்தா ஒங்கப்பா கண்டுபிடிச்சிருவாரு, பொண்டாட்டி கை மாறுனா தெரியாது'ன்னு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். வலியோட சிரிக்கும்."

பயாஸ்கோப்பில் அந்தத் தடியன் தூக்கிய கால் எதுவென்று எனக்கு இன்றும் தெரியும், பாக்கியம்.

இனி வரையவில்லை என்றேன். செல்லம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு முறத்தை எடுத்தாள். "ஏன் நிறுத்தணும்? வரைங்க. அம்மா சிரிச்சதுதானே? ஆனா அந்தப் புருசனுக்கு மட்டும் கண்ணு வரையாதீங்க" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. ஆனால் என்னோடு பேசினாள்.

நாலாவது தீர்ந்தது. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த படத்திலிருந்து பாப்பம்மாவின் வலக்கையில் கட்டு இருக்கும். அவள் புருஷனுக்குக் கண் இருக்காது. சிரிப்பவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

மேலே வரிசையில் எழுதியதை அடித்துவிடலாம். அடிக்க மனம் வரவில்லை, அது நான் எப்படி வாழ்ந்தேன் என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும். மூன்றாவதாகச் சொன்னது தவறு. நீ எனக்கு இடக்கையால் சோறு போட்டிருக்கிறாய். நான் அதை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

உன் எதிரிலேயே உட்கார்ந்து உண்ட
உன் வீட்டுக்காரன்