தமிழில் வராத வாக்குறுதி

சின்னவனுக்கு,

ஜெயில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நீ ஸ்ரீ சிட்டி கம்பெனியில் இருப்பதாகத்தான் ஊரில் இன்னமும் நினைக்கிறார்கள்.

திங்கட்கிழமை சத்தியவேட்டில், வழக்கம்போல் நம் கட்சி ஆட்டோவில் மைக் பிடித்தேன். இந்தத் தேர்தலுக்குப் புது வாக்குறுதி ஒன்று: கஞ்சா கடத்துகிறவனுக்குத் தூக்கு. தெலுங்கில் கணீரென்று சொல்லிவிட்டேன். நம் ஆந்திர எல்லையில் இரண்டு பாஷைக்காரர்களும் உண்டே, அதையே தமிழிலும் சொல்ல வேண்டும். உன்னைத் தூக்கி வளர்த்த பேச்சில் அது வரவில்லை.

"இன்னாண்ணா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான் ஆட்டோ ஓட்டும் முனிரத்தினம்.

தலையாட்டினேன்.

"நீ பேசாத. ஊட்ல படுத்துக்கோ."

அன்றிலிருந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவன் மிளகுப்பால் கொண்டுவருகிறான்; சைகையிலேயே வாங்கிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறேன். அங்கே என் தொண்டைக்கு ஒன்றுமில்லை.

உன் நைனா